விலை ஏறியது, செடி குறைந்தது

பிள்ளையார்குப்பம் போன்ற சமவெளி ஊரில் காபி விளையாது. அந்த ஊர் டிக்காஷனுக்கு ஏற்காடு, கீழ்ப்பழனி, குடகு போன்ற மலைகள்தான் கதி. தூள் விலை ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. விவசாயி செழிப்பாக இருப்பார் என்று தோன்றும். நிலைமை அப்படியில்லை.

இந்தியக் காபி விவசாயிகளில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் 10 ஹெக்டேருக்குள் வைத்திருப்பவர்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பயிர் பெரும்பாலும் அரபிகா. அதற்குக் குளிர்ச்சி வேண்டும், நிழல் வேண்டும். நிழல் குறைந்தால் வெயில் படும் பட்டையில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு முட்டையிடும். புழு மாதக்கணக்கில் தண்டைக் குடையும். பட்டை புடைத்து இலை மஞ்சளாகும்போது மருந்து உள்ளே எட்டாது. செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும்.

2001இல் அதே பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. பறிகூலிக்கே கட்டவில்லை. பராமரிப்பு நின்றது. கைமுடை வந்தால் விற்கக் கிடைப்பது நிழல் மரம். மரம் போனால் வெயில், வெயில் பட்டால் வண்டு.

2000 வாக்கில் இந்தியாவின் அரபிகா விளைச்சல் ஏறத்தாழ 1 லட்சம் டன். இன்றும் அவ்வளவுதான். மொத்தம் கூடியது ரொபஸ்டாவால். அதை இந்த வண்டு அதிகம் தொடுவதில்லை. ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் மழை தவறினால் பூ பிடிக்காது. குளமும் பம்பும் உள்ளவர் தண்ணீர் தெளித்துக்கொள்வார். மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

ஏறிய விலை நோயை மறைத்துவிடும் என்பதற்கு இலங்கையே சான்று. 1869இல் அங்கே இலைத்துரு தென்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடியாகப் படரும் பூஞ்சை அது. 1870களில் விளைச்சல் சரிந்தது, விலை ஏறியது. வருமானம் குறையாததால் தோட்டக்காரர்கள் மேலும் காடழித்துக் காபி நட்டார்கள். 1884இல் அவர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி மூழ்கியது. முதல் இருந்தவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். தேயிலைக்கு ஆலை வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் காபி வைத்திருந்த கிராமத்தாருக்கு அந்த வழி இல்லை.

ஏறிய விலையை நம்பி 2025 மழையில் நட்ட அரபிகா கன்று முதல் அறுவடை தருவது 2028 அல்லது 2029இல். அன்றைய விலையைத் தீர்மானிப்பதில் பிரேசிலின் மழைக்கே பெரும்பங்கு. உலகக் காபியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கே விளைகிறது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்கைத் தொடவில்லை.