உங்களுக்குத் தெரியுமா? – வீட்டிலிருந்தே ஆன்லைன் கடை

உலகம் முழுக்க வியாபாரம் நடக்கும் ஈபே, ஒரு தனி மனிதரின் வீட்டில் பிறந்த தளம். 1995-இல் பியர் ஒமிடியார் என்ற புரோகிராமர் கலிபோர்னியாவில் அதைத் தொடங்கினார். அதில் முதலில் விலைபோனது பழுதான ஒரு லேசர் பாயிண்டர். பழுது என்று தெரிந்தேதான் ஒருவர் 14.83 டாலர் கொடுத்து வாங்கினார். நம் ஃபிளிப்கார்ட்டும் 2007-இல் பெங்களூரு கோரமங்கலாவில் ஒரு ஃபிளாட்டில் ஆரம்பித்ததுதான்.

✦

கடலூரிலிருந்து புதுச்சேரி கூப்பிடு தூரம். கன்னியாகுமரிக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். ஜி.எஸ்.டி. கணக்கில் மட்டும் புதுச்சேரிதான் தூரம்!

தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆன்லைன் தளங்களில் விற்பவர்களுக்கு இந்தச் சலுகை வெகுநாள் கிடைக்கவில்லை. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கேட்டார்கள். 2023 அக்டோபர் 1 முதல் அது மாறியது. பான் எண்ணைக் கொடுத்து ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கிக்கொண்டால், பதிவு இல்லாமலே மாநிலத்துக்குள் விற்கலாம். மாநில எல்லையை ஒரு பார்சல் தாண்டினாலும் பதிவு கட்டாயம். நாலு பக்கமும் தமிழ்நாடும் கடலுமாக இருக்கும் காரைக்காலும் இந்தக் கணக்கில் வெளி மாநிலம்தான். தளங்கள் வழியாக இல்லாமல் நேரடியாக விற்கும் சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எல்லையோர ஊர்களில் பொடியும் வடகமும் விற்கும் பெண்களை இந்த விதி வீணாகப் படுத்துகிறது. இதையும் அரசு தளர்த்தத்தான் வேண்டும்.

✦

அரைக் கிலோ முறுக்குக்கு மூன்று கிலோ கூரியர் கட்டணம் வரலாம். எப்படி?

முறுக்கு உடையாமல் போக வேண்டுமே என்று 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் ஒரு அட்டைப்பெட்டி எடுக்கிறீர்கள். சுற்றிலும் பபுள் ஷீட், மேலே கசக்கிய செய்தித்தாள், நாலு சுற்று டேப். தராசில் வைத்தால் 700 கிராம்கூட இருக்காது. கூரியர்காரரோ டேப் வைத்து மூன்று பக்கமும் அளக்கிறார். மூன்றையும் பெருக்கினால் 15,000. அதை 5,000-ஆல் வகுத்தால் 3. இதுதான் வால்யூமெட்ரிக் எடை. உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். கூரியருக்குக் கூரியர் வகுக்கும் எண் மாறலாம். பல இடங்களில் 5,000-தான்.

இதே முறுக்கை 20 × 15 × 12 பெட்டியில் நெருக்கி அடுக்கினால் கணக்கு 0.72 கிலோவுக்கு இறங்கிவிடும். அதனால், முறுக்குப் பிழியும் அச்சைத் தேர்ந்தெடுக்கும்போதே பெட்டியின் அளவையும் யோசித்துவிடுங்கள்.

✦

புடவை விற்பவர்களுக்கு வேறு கவலை. பல தளங்களில் கட்டணம் 500 கிராம் ஸ்லாப் கணக்கில் ஏறும். 470 கிராம் புடவையோடு மடிப்பு அட்டை, கவர், பில் எல்லாம் சேர்ந்து 510 ஆனால் அடுத்த ஸ்லாப். அட்டையை எடுத்துவிட்டால் லாபம் உங்களுக்கு.

✦

ஊறுகாய், தொக்கு, இட்லிப் பொடி எதுவானாலும், வீட்டு அடுப்பில் செய்து விற்றாலும், உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். லேபிளில் இருக்கும் அந்த 14 இலக்க எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2-இல் தொடங்கினால் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு. 1-இல் தொடங்கினால் உரிமம்.

அதே லேபிளில் சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு என்றால் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முன்பு இதுவும் வட்டமாகத்தான் இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் வடிவம் புரியும் என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். நிகர எடை என்பது பாட்டில், கவர் எடை நீங்கலாக என்பதையும் நினைவில் வையுங்கள்.

✦

மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னையில் உங்கள் வீட்டில் சுட்ட முறுக்கு எத்தனை மொறுமொறுப்பாக இருந்தாலும் மணப்பாறை முறுக்கு என்று போட்டு விற்றால் அது சட்டமீறல். உங்கள் ஊர்ப் பெயரையோ பாட்டி பெயரையோ வையுங்களேன்!

✦

“நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்” என்று கொட்டை எழுத்தில் போட்டால் தப்பித்துக்கொள்ளலாமா? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி, தளங்கள் வழியே விற்பவர் பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக அனுப்பிய பொருளையோ திரும்ப எடுக்க மறுக்க முடியாது. அன்பாக்சிங் வீடியோ கேட்பது விற்பவருக்குப் பாதுகாப்புதான், கேளுங்கள். ஆனால் ஜரிகை பிரிந்த புடவையின் போட்டோவை ஒருவர் அனுப்பும்போது, வீடியோ இல்லை என்று கதவைச் சாத்தாதீர்கள். வாடிக்கையாளர்போல நீங்களே ஐந்து நட்சத்திர ரிவ்யூ எழுதிக்கொள்வதற்கும் இதே விதிகளில் தடை இருக்கிறது.

✦

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. உடனே வெளியே வந்துவிடுங்கள்.

✦

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் உங்கள் பருப்புப் பொடியைக் கேட்கிறார்களா? விற்பனைக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி எண் வேண்டும். கட்டணம் 500 ரூபாய்தான். புதிய எண் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, உங்கள் பான் எண்ணேதான் அது. பெரிய துறைமுகம், சரக்கு ஏஜென்ட் என்று அலையாமல், தபால் துறையின் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ வழியாகவே அனுப்பலாம். அந்த நாட்டில் என்னென்ன உணவுப் பொருள்களை அனுமதிக்கிறார்கள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் ஐ.இ.சி. விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கிவிடும். அந்த மூன்று மாதத்துக்குள் செய்தால் அதற்குக் கட்டணமும் இல்லை.