கண்ணுக்குப் பதில் கேமரா

1999-இல் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, முக்காலியில் நின்ற தன் லைக்கா ஸ்பாட்டிங் ஸ்கோப் தொலைநோக்கியில் கண்ணை வைக்க வேண்டிய இடத்தில் நிகான் கூல்பிக்ஸ் 950 கேமராவை ஒட்டிப் பிடித்துப் படமெடுத்தார். சுமார் 20 லட்சம் பிக்சல்தான். ஆனாலும் எட்டாத தூரத்துப் பறவை படத்தில் துல்லியமாக விழுந்தது. உலகெங்கும் பறவை ஆர்வலர்களைத் தொற்றிக்கொண்ட இந்த முறைக்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர்.

இதில் கேமராவின் லென்ஸைக் கழற்றுவதே இல்லை. ஸ்கோப்பின் முன் லென்ஸ் உள்ளே ஒரு பிம்பத்தை உண்டாக்குகிறது. கண்ணருகு லென்ஸ் அதைப் பெரிதாக்கி, கதிர்களை இணையாக வெளியே அனுப்புகிறது. வெகுதொலைவுப் பொருளிலிருந்து வரும் கதிர்களும் இணையாகத்தான் வரும். ஆகவே நடுவில் ஒரு குழாய் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. தூரத்தில் ராட்சதக் கொக்கு ஒன்று நிற்பதாகவே எடுத்துக்கொள்ளும். ஸ்கோப் 30 மடங்கு, கேமரா லென்ஸ் 100 மி.மீ. என்றால், பெருக்கிப் பாருங்கள்: 3000 மி.மீ.! தோள் நோகச் சுமக்கும் 600 மி.மீ. லென்ஸைப்போல் ஐந்து பங்கு.

ஸ்கோப்பை வெளிச்சமான வானத்துக்குத் திருப்பி (சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம்), ஓர் அடி பின்னால் தள்ளி நின்று கண்ணருகு லென்ஸைப் பாருங்கள். சின்னதாக ஓர் ஒளிவட்டம் தெரியும். முன் லென்ஸ் 80 மி.மீ., உருப்பெருக்கம் 30 என்றால் அதன் விட்டம் 2.7 மி.மீ.கூட இல்லை. உள்ளே நுழைந்த ஒளியெல்லாம் அந்த வட்டம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தலையை மெல்ல அசைத்தால், வட்டம் கண்ணாடிமேல் ஒட்டியிருக்கவில்லை, சற்றுப் பின்னால் காற்றில் நிற்கிறது என்பது புரியும். நம் கண்மணி அங்கே வந்தால்தான் முழுக் காட்சியும் கிடைக்கும். கேமராவின் திறப்புக்கும் அதே நிபந்தனைதான்.

பெரிய ஜூம் லென்ஸ்கள் தோற்பது இங்கேதான். அவற்றின் திறப்பு கண்ணாடி அடுக்குகளுக்கு உள்ளே ஆழத்தில் இருப்பதால் வட்டத்தை எட்டாது. நடுவில் வட்டமாகப் படம், சுற்றிலும் கறுப்பு. கூல்பிக்ஸ் போன்ற குட்டி லென்ஸ்களுக்கும் இன்றைய செல்போனுக்கும் இந்தத் தொல்லை குறைவு. மிச்சமிருக்கும் கறுப்பு விளிம்பு கேமராவைச் சற்று ஜூம் செய்தால் மறைந்துவிடும். புகைப்படக்கலையில் பொடியன் ஜெயிக்கும் இடங்கள் அதிகமில்லை!

பறவை 30 மடங்கு பெரிதானால் நம் கைநடுக்கமும் அப்படியே. அதனால் விரலால் அழுத்தாமல் டைமர் வைப்பது வழக்கம். முக்காலியும் டைமரும் நடுக்கத்தை அடக்கலாம், காற்றை அடக்க முடியாது. வெயிலேறிய சேற்றுவெளியில் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் புரண்டு ஒளியை வளைக்கின்றன. 200 மீட்டருக்கு அப்பால் நிற்கும் உள்ளானின் கால்கள் நெளிகின்றன. எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியும் அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். அனுபவசாலிகள் விடியற்காலையில் வேலையை முடித்துக்கொள்வார்கள். வெயில் வந்தபின்னும் எடுத்தே தீர வேண்டுமென்றால், ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பறவை மிரளாத அளவுக்கு இன்னும் கிட்டே போக வேண்டியதுதான்.