97 மெயில் வந்தும் ஏன் யாரும் பார்க்கவில்லை?

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல், தன் 8 சர்வர்களிலும் புதிய நிரலை ஏற்றியிருக்க வேண்டும். 7-இல்தான் ஏற்றியிருந்தார்கள்; ஒன்றில் பழைய நிரல் அப்படியே கிடந்தது. காலை 8:01 தொடங்கி, சந்தை திறக்கும் 9:30-க்குள், அவர்களின் கணினியே ஊழியர்களுக்கு 97 மெயில் அனுப்பியது. ‘பவர் பெக் டிஸேபிள்டு’ என்ற பிழைச் செய்தி அவற்றில் இருந்தது; பவர் பெக் என்பது அந்தப் பழைய நிரலின் பெயர். யாரும் கவனிக்கவில்லை. சந்தை திறந்து சுமார் 45 நிமிடங்களில் தவறான ஆர்டர்கள் லட்சக்கணக்கில் பாய்ந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

ஏன் கவனிக்கவில்லை? அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்ட மெயில்களே அல்ல. வந்த உடனே படிக்கும் வழக்கமும் அங்கே இல்லை. எனக்கு இதுதான் மிக வருத்தமான பகுதி: தகவல் கையில் இருந்தது.

சரி, கவனிக்கப்படும் எச்சரிக்கை மெயிலை எப்படி அமைப்பது? லினக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் ஓர் எண்ணைத் தரும். வழக்கமாக 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. சர்வர்களில் புதிய நிரலை ஏற்றும் டெப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் பார்த்து மெயில் அனுப்பலாம். ‘தோல்வி: சர்வர் 8, பழைய பதிப்பிலேயே உள்ளது’ என்று தலைப்பிலேயே விஷயம் தெரிய வேண்டும். வெற்றிச் செய்திகள் தனி ஃபோல்டருக்குப் போகட்டும்.

ஆனால், முடங்கிய சர்வரால் தன் நிலையைத் தானே சொல்ல முடியாது. அதனால் வேறோர் இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை அதை விசாரித்து, தொடர்ந்து 3 முறை பதில் வராவிட்டால் மெயில் அனுப்ப வேண்டும்.