உயிர்கள் கட்டிய தீவு

கிள்ளான் துறைமுகத்தில் படகேறிப் புலாவ் கெத்தாமுக்குப் போயிருப்பீர்கள். அது ஆறுகள் கொண்டுவந்த சேற்றில் சதுப்புநில மரங்கள் வேரூன்றி நிற்கும் தீவு. சபா மாநிலத்தின் சிப்பாடான் தீவு வேறு வகை. அதைக் கட்டியவை பவளங்கள்.

பவளம் செடியன்று, கல்லுமன்று. ஜெல்லிமீனுக்கு உறவான சிறு விலங்கு. கடல்நீரிலுள்ள கால்சியத்தைக் கொண்டு சுண்ணாம்புக் கூடு கட்டும். பழைய கூட்டின்மேல் புதிய கூடு எனப் பல்லாயிரம் ஆண்டுகள் அடுக்கினால் அதுவே பவளப்பாறை. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்து, பெரும்பகுதியைப் பவளத்துக்கே தருகின்றன. ஆகவே அதற்கு வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழம் குறைந்த நீர் வேண்டும். கிள்ளான் ஆற்றுச் சேறு கலங்கும் நம் கரையில் பவளப்பாறை இல்லாததற்குக் காரணம் புரிகிறதா?

அப்படியானால் ஒளி எட்டாத ஆழ்கடலின் நடுவே பவளத்தீவு எப்படி எழுந்தது? சார்லஸ் டார்வின் 1842இல் விடை எழுதினார். எரிமலைத் தீவின் ஓரத்தில் பவளம் வளர்கிறது. எரிமலை மெல்ல அமிழ, பவளம் ஒளியைத் தேடி மேலே மேலே வளர்கிறது. இறுதியில் மலை மறைந்து பவள வளையம் மட்டும் மிஞ்சுகிறது. 1952இல் பசிபிக் பெருங்கடலின் எனிவெட்டாக்கில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் அதிகமான சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் எரிமலைப் பாறை கிடைத்தது. டார்வின் சொன்னது சரிதான்!

சிப்பாடானும் அணைந்த எரிமலையின் உச்சியில் பவளம் வளர்ந்து உருவானதே. கடலடியிலிருந்து அதன் உயரம் சுமார் 600 மீட்டர். அலைகள் உடைத்த பவளத் துண்டுகளும், கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்துக் கழித்த தூளும் சேர்ந்ததுதான் அங்குள்ள வெண்மணல். கரையிலிருந்து சில மீட்டர் நீந்தினாலே கடல் செங்குத்தாக இறங்கும். ஆமைகளும் மீன்கூட்டங்களும் கண்முன் நீந்தும். பயணிகளை ஈர்ப்பது இந்தக் காட்சியே.

கூட்டம் பெருகியதால் 2004 இறுதியில் அரசாங்கம் தங்கும் விடுதிகளைத் தீவிலிருந்து அகற்றியது. இன்று அனுமதிச் சீட்டுடன் பகலில் மட்டுமே போய்வரலாம். ஆயினும் வெப்பத்துக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லையே! கடல்நீர் வழக்கத்தைவிட 1 டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2010இல் அப்படி வெளுத்தபோது, ரெடாங், தியோமான் கடற்பகுதிகளில் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. வெப்பம் விரைவில் தணிந்தால் பவளம் தேறும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும்.

பவளம் மடிந்தால் புதுச் சுண்ணாம்பு இல்லை. புது மணலும் இல்லை. அலையோ அரிப்பதை நிறுத்தாது. அடுத்த பள்ளி விடுமுறையில் தீவுக்குச் சென்றால், பவளத்தின்மேல் கால் ஊன்றாதீர்கள். நீங்கள் மிதிப்பது கல்லையன்று, தீவைக் கட்டிக்கொண்டிருக்கும் உயிரை.