மின்னூர்தியும் மறைமலைநகரும்

தாம்பரத்திலிருந்து தெற்கே செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வண்டலூர், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களைக் கடந்தால் மறைமலைநகர் வரும். தமிழறிஞர் மறைமலையடிகளின் பெயர் தாங்கிய இந்நகரில் போர்டு என்னும் அமெரிக்க நிறுவனம் கார்த் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தது. நட்டம் மிகுந்தமையால், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. 2022 சூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்தனர்.

இதனிடையே ஒரு நம்பிக்கை தோன்றி மறைந்தது. அங்கே மின்னூர்தி செய்து அயல்நாடுகளுக்கு அனுப்பலாமா என்று நிறுவனம் ஆராய்ந்தது. 2022 பிப்ரவரியில் நடுவண் அரசின் ஊக்கத்திட்டத்திலும் இடம் பெற்றது. மே மாதத்திலேயே அவ்வெண்ணத்தைக் கைவிட்டது.

இத்தகைய தயக்கம் எழுவானேன்? மின்சாரத்தால் வண்டி ஓடுவது இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டிலேயே மின்சார இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் இரயிலுக்கு வழிநெடுக மேலே கம்பி உண்டு. சாலையில் செல்லும் காரோ, கட்டுச்சோற்றுடன் புறப்படும் வழிப்போக்கனைப் போல, தனக்கு வேண்டிய மின்சாரத்தை மின்கலங்களில் சுமந்துகொண்டே செல்ல வேண்டும். சில நூறு கிலோ எடையுள்ள இம்மின்கலத் தொகுதியே வண்டியின் விலையில் பெரும்பங்கை விழுங்குகிறது. பெட்ரோலைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். மின்கலம் நிரம்ப, வீட்டு இணைப்பில் பல மணி நேரம் ஆகும். அடுக்குமாடிகளில் வாழ்வோர்க்கு அவ்விணைப்பைப் பெறுவதும் எளிதன்று. நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரமாயின் புகை இடம் மாறுகிறதேயன்றி ஒழிவதில்லை என்பாரும் உளர். இக்கூற்று முற்றும் சரியன்று. பெட்ரோல் எஞ்சின் வெப்பமாக வீணாக்கும் அளவுக்கு மின்னோடி ஆற்றலை வீணாக்குவதில்லை.

தொழிலாளரின் ஐயம் வேறு வகையானது. பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன், வால்வு, பற்சக்கரம் என நூற்றுக்கணக்கான உறுப்புகள் உள. மின்னோடியில் அசையும் உறுப்புகள் மிகச் சிலவே. அவ்வுறுப்புகளைக் கடைந்தும் வார்த்தும் பிழைக்கும் சிறு பட்டறைகள் என்னாகும் என அவர்கள் கேட்கின்றனர். அது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று.

2025 அக்டோபரில் போர்டு நிறுவனம் தமிழ்நாட்டு அரசோடு மீண்டும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் மறைமலைநகரில் ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள் செய்யத் திட்டம். தொடங்கும் ஆண்டு 2029. மின்னூர்தி அன்று, எஞ்சினே! அதே ஆண்டு ஆகஸ்டில்தான் தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் நிறுவனம் மின்னூர்தித் தொழிற்சாலையைத் திறந்தது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் பெட்ரோல் காரையும் மின் காரையும் ஒரே வளாகத்தில் உருவாக்கிவருகின்றனர்.