வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்... சத்தமில்லாமல் பார்வையைப் பறிக்கும் கண் பிரச்னைகள்!

கண் சிவந்தால், உறுத்தினால் உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால், பார்வையை நிரந்தரமாகப் பறிக்கக்கூடிய பல பிரச்னைகள் வலிப்பதே இல்லை. அதனால்தான் அவற்றைத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம்.

குழந்தைகளுக்கு...

ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, அந்தக் கண் அனுப்பும் மங்கலான காட்சியை மூளை ஒதுக்கிவிடும். இதுதான் 'சோம்பேறிக் கண்'. இன்னொரு கண் நன்றாகத் தெரிவதால் குழந்தை எதுவும் சொல்லாது. ஏழு, எட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்துவைத்தும் பார்வையை மீட்க வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற பலன் குறையும். 'மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருக்க வேண்டாம்.

டி.வி-க்குப் பக்கத்தில் போய் உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, போர்டில் இருப்பதைத் தப்பாக எழுதி வருவது எல்லாம் கிட்டப்பார்வையின் அறிகுறிகள். கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்பது தவறான நம்பிக்கை. தினமும் இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு.

ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அது கண்புரையாகவோ, அரிதாகப் புற்றுநோயாகவோ இருக்கலாம்.

பெரியவர்களுக்கு...

நாற்பது வயதில் பேப்பரைத் தள்ளிப்பிடித்துப் படிக்கிறீர்களா? அது வெள்ளெழுத்து. நோயல்ல, கண்ணாடி போதும். ஆனால், கடையில் ரெடிமேட் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். கண் நீர் அழுத்த நோய் தெரியவருவது பெரும்பாலும் இப்படி வேறு காரணத்துக்காகப் போகும் பரிசோதனையில்தான். அது முதலில் பக்கவாட்டுப் பார்வையைத்தான் குறைக்கும். போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும். பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கு இந்த நோய் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

சர்க்கரை நோயாளிகள், பார்வை தெளிவாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கண்புரைக்கு அறுவை சிகிச்சைதான் தீர்வு, சொட்டு மருந்தால் கரைக்க முடியாது.

இவற்றைச் செய்யாதீர்கள்!

'மெட்ராஸ் ஐ' வந்தால் தாய்ப்பால், மூலிகைச் சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம். மெடிக்கலில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, தொடர்ந்து பயன்படுத்தினால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் வரலாம்.

உடனே கிளம்புங்கள்!

திடீரெனப் பார்வை குறைவது, மின்னல் வெட்டுவதுபோல ஒளியும் கரும்புள்ளிகளும் தெரிவது, கடும் கண் வலியோடு வாந்தி வருவது ஆகியவை அவசர நிலைகள். கண்ணில் சுண்ணாம்பு, ஆசிட் பட்டால், முதலில் சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் இருக்கும் காலண்டரைப் பாருங்கள். பிறகு அடுத்த கண். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால், திங்கட்கிழமையே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், பள்ளியில் சேரப்போகும் குழந்தைகளுக்கும் முழுப் பரிசோதனை அவசியம்.