வெறும் எழுத்துக் கோப்புதானே?

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் உள்ள எங்கள் பள்ளியில் நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். உயர் தொழில்நுட்ப ஆய்வகப் பொறுப்பும் என்னிடம்தான் உள்ளது. ஒருநாள் கணினிப் பாதுகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், தெரியாத கோப்பு வந்தா நோட்பேடில் திறந்து பார்க்கலாமா? அதுல ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தாராளமா பார்க்கலாம்மா. நோட்பேட் எழுத்தை மட்டும்தான் காட்டும்" என்றேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வந்தேன். அந்தப் பதில் முழுக்கச் சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என்னைப் போலவே சொல்லிவரும் ஆசிரியர்கள் இருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

செய்தியும் ஆணையும்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவன் துண்டுச்சீட்டைப் பார்த்துச் செய்தி வாசிக்கிறான். யாரோ குறும்பாக அந்தச் சீட்டின் நடுவே, "இன்று பள்ளி விடுமுறை. அனைவரும் வீட்டுக்குச் செல்லவும்" என்று எழுதி வைத்துவிட்டார்கள். அவன் அதையும் ஒலிபெருக்கியில் வாசிக்கிறான். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

வாசித்தவன் தவறு செய்யவில்லை. கிளம்பியவர்களும் தவறு செய்யவில்லை. செய்தி வரும் வழியும் ஆணை வரும் வழியும் ஒன்றாக இருந்ததுதான் தவறு. கணினியிலும் இதுவே நடக்கிறது. தகவலாக மட்டும் படிக்க வேண்டிய எழுத்தை மென்பொருள் கட்டளையாக எடுத்துக்கொண்டு செயல்படுத்திவிடுகிறது. இதைக் கட்டளைச் செருகல், அதாவது கமாண்ட் இன்ஜெக்‌ஷன் என்கிறார்கள்.

விம் திருத்தியில் நடந்தது

லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் விம் என்ற உரைத்திருத்தியை நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991 இல் வெளியிட்டார். அதில் மோட்லைன் என்று ஒரு வசதி உண்டு. ஒரு கோப்பின் முதல் ஐந்து வரிகளிலோ கடைசி ஐந்து வரிகளிலோ, "இந்தக் கோப்பை இத்தனை இட இடைவெளியுடன் காட்டு" என்பது போன்ற அமைப்பை எழுதி வைக்கலாம். கோப்பைத் திறக்கும்போது விம் அதைப் படித்து அதன்படி நடக்கும். கோப்புக்குள்ளேயே ஆணைக்கும் இடம் கொடுத்தாயிற்று.

இது ஆபத்தானது என்று விம்மை உருவாக்கியவர்களுக்கும் தெரியும். அதனால் மோட்லைனில் வரும் கோவைகளைச் சாண்ட்பாக்ஸ் என்ற வேலிக்குள் வைத்தார்கள். வேலிக்குள் இருக்கும்வரை கணினியின் பிற கட்டளைகளை அவற்றால் இயக்க முடியாது.

2019 இல் அந்த வேலியில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு கோப்பில் உள்ளதை விசைப்பலகையில் தட்டச்சு செய்தது போலவே இயக்கும் கட்டளை ஒன்று விம்மில் உண்டு. அந்தக் கட்டளையை மட்டும் வேலி தடுக்கவில்லை. "கூட்டத்தில் ஆணை எதுவும் வாசிக்கக் கூடாது" என்று விதி வைத்தபோது, "கூட்டம் முடிந்ததும் இந்த உறையைப் பிரித்து அதில் உள்ளபடி செய்க" என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? அதே கதைதான். மோட்லைன் வசதி இயங்கும் கணினியில் கோப்பைத் திறந்தாலே போதும், அதில் ஒளிந்திருக்கும் கட்டளை இயங்கிவிடும். இந்தக் குறைக்கு சிவிஇ-2019-12735 என்று எண் இடப்பட்டது. விம் 8.1.1365 பதிப்பிலும், நியோவிம் 0.3.6 பதிப்பிலும் ஓட்டை அடைக்கப்பட்டது.

நோட்பேடும் விலக்கல்ல

விம்மை நம்மில் பலர் தொட்டதே இல்லை. நோட்பேடைத் தொடாதவர் இல்லை. விண்டோஸ் 11 இல் உள்ள நோட்பேடில் 2025 இல் மார்க்டவுன் வசதி சேர்க்கப்பட்டது. தடித்த எழுத்து, தலைப்பு, சொடுக்கக்கூடிய இணைப்பு ஆகியவை அதில் வந்தன. 2026 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதில் ஒரு கட்டளைச் செருகல் குறை இருப்பதை அறிவித்துத் திருத்தமும் வெளியிட்டது. எண் சிவிஇ-2026-20841. தீவிர மதிப்பு பத்துக்கு 8.8. மார்க்டவுன் கோப்பில் உள்ள தீய இணைப்பை ஒருவர் சொடுக்கினால், சரிபார்க்கப்படாத வழிமுறைகள் மூலம் வெளியிலுள்ள கோப்பு இயங்க வாய்ப்பிருந்தது. இங்கே கோப்பைத் திறப்பது மட்டும் போதாது, சொடுக்கவும் வேண்டும். மார்க்டவுன் வசதியே இல்லாத பழைய நோட்பேடில் இந்தக் குறை இல்லை.

இப்படி இயங்கும் தீய நிரலுக்கு அப்போது கணினியைப் பயன்படுத்துபவருக்கு உள்ள அதிகாரம் முழுவதும் கிடைத்துவிடும். நம் கணினியில் என்னென்ன இருக்கின்றன? மாணவர் பெயர்ப் பட்டியல், பெற்றோர் கைபேசி எண், மதிப்பெண் பட்டியல், உலாவியில் சேமித்து வைத்த எமிஸ் கடவுச்சொல். இழப்பு நமக்கு மட்டுமல்ல, நம்மை நம்பி விவரம் கொடுத்த குடும்பங்களுக்கும்தான்.

நாம் செய்ய வேண்டியவை

1. புதுப்பித்தல். நோட்பேடுக்கான திருத்தம் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வருகிறது. ஸ்டோரைத் திறந்து நோட்பேடுக்குப் புதுப்பிப்பு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். எப்போதாவது மட்டும் இணையத்தில் இணையும் கணினிகளை முதலில் கவனியுங்கள்.

2. தேவையில்லாத வசதியை அணைத்தல். விம் பயன்படுத்துவோர் அதன் அமைப்புக் கோப்பில் 'செட் நோமோட்லைன்' என்ற வரியைச் சேர்க்கலாம். டெபியன் லினக்ஸில் மோட்லைன் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும்.

3. அன்றாட வேலைக்கு நிர்வாகி கணக்கைத் தவிர்த்தல். மாணவர்களுக்கும் நமக்கும் சாதாரணப் பயனர் கணக்கே போதும். ஏதேனும் நடந்தாலும் சேதம் குறையும்.

4. வாட்ஸ்அப் குழுவில் எதிர்பாராமல் கோப்பு வந்தால் அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறத்தல். கோப்புக்குள் இருக்கும் இணைப்பைச் சொடுக்கும் முன் முகவரியைப் படித்துப் பார்த்தல்.

5. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தல்.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளில் இதை விளையாட்டாகவே நடத்தலாம். "மழை பெய்கிறது", "எழுந்து நில்", "'எழுந்து நில்' என்று அம்மா சொன்னார்" ஆகிய சீட்டுகளை வாசிக்கச் செய்யுங்கள். எது தகவல், எது கட்டளை? மூன்றாவது சீட்டுக்கு எழுந்து நிற்கும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். மேற்கோள் குறி எதற்கு என்ற இலக்கணப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

மேல்நிலை வகுப்பில் இன்னும் ஆழமாகப் போகலாம். 2019-20 இல் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடம் உண்டு. அங்கே கோப்பின் பெயரைக் கட்டளையோடு ஒட்டி ஓஎஸ்.சிஸ்டம் செயற்கூறுக்குக் கொடுக்கிறோம். பாடத்தின் நோக்கத்துக்கு அது போதும். ஆனால் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் வேறொரு கட்டளையும் சேர்த்துக் கொடுத்தால், லினக்ஸில் அந்தக் கட்டளையும் இயங்கும். தேதியைக் காட்டும் கட்டளை போன்ற தீங்கற்ற ஒன்றைச் சேர்த்துச் செய்து காட்டுங்கள். பிறகு சப்பிராசஸ் கூறில் கட்டளையையும் பெயரையும் பட்டியலின் தனித்தனி உறுப்புகளாகக் கொடுத்துக் காட்டுங்கள். இப்போது அரைப்புள்ளி வெறும் பெயரின் பகுதிதான். செய்தியையும் ஆணையையும் பிரித்துவிட்டோம்.

அந்த மாணவியின் வகுப்புக்கு மீண்டும் போனபோது, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று தொடங்கித்தான் இந்தப் பாடத்தை நடத்தினேன். முடிந்ததும் அவள் கேட்டாள்: "அப்போ எதைத்தான் சார் நம்பித் திறக்கிறது?" "யார் அனுப்பினாங்க, எதுக்கு அனுப்பினாங்கன்னு தெரிஞ்சதை, புதுப்பிச்ச மென்பொருள்ல திறம்மா" என்றேன். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.